எத்தனை வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் போடலாம், மேடம்?

கம்ப்யூட்டர் கடையில் அதிகம் விற்பது மவுஸ். அதிகம் திரும்பி வருவது எஸ்எம்பிஎஸ்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கேபினெட்டின் பின்பக்கம் கரண்ட் வயரைச் செருகுகிறோமே, அந்த இடத்தில் உள்ளே ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதில் ஒரு சின்ன ஃபேனும், கத்தையாக வயர்களும் இருக்கும். சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றுக்கும் வேண்டிய அளவில் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். விற்பது, மாட்டுவது, கழற்றுவது, திட்டு வாங்குவது எல்லாம் நான்தான். ஓனர் தயாளன் சார் கொள்முதலைப் பார்த்துக்கொள்வார். நீங்களும் ஒரு கவுண்டருக்குப் பின்னால் நின்றவர் என்றால், அல்லது கருகிப்போன பொருளைக் கையில் வைத்துக்கொண்டு கவுண்டருக்கு முன்னால் நின்றவர் என்றால், இதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும்.

கேபினெட்டோடு வந்தது

பாஸ்கர் இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி பெயின்ட் ஷாப்பில் இருப்பவர். மகள் அனிமேஷன் படிக்கச் சேர்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய வேண்டும் என்று அவளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். நல்ல லிஸ்ட். கேபினெட்டை மட்டும் அப்பா தேர்ந்தெடுத்தார். ஒரு பக்கம் கண்ணாடி, உள்ளே கலர் கலராக விளக்கு. அதைக் கையில் தூக்கி, வெளிச்சத்தில் சாய்த்து, பெயின்டில் எங்கேயாவது புள்ளி விழுந்திருக்கிறதா என்று கால் மணி நேரம் பார்த்தார். தொழில் புத்தி. அந்த கேபினெட்டோடு ஒரு எஸ்எம்பிஎஸ் இலவசமாக வந்தது.

நான் சொன்னேன். இந்த கிராபிக்ஸ் கார்டுக்கு அது தாங்காது. பிராசஸர் எவ்வளவு இழுக்கும், கார்டு எவ்வளவு இழுக்கும் என்று கூட்டி, அதற்கு மேல் பாதி சேர்த்து, தனியாக ஒன்று வாங்குங்கள். பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் எண்ணை நம்பாதீர்கள், பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிளில் பன்னிரண்டு வோல்ட் லைனில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பாஸ்கர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், உள்ள கிடக்குறதை யாரு பார்க்கப் போறா?" என்றார். மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ஓட்டு இரண்டுக்கு ஒன்று. ஆனால் ஜெயித்தது அந்த ஒன்று.

நான்காவது மாதம் வந்தார்கள். மகள் செய்த அனிமேஷனைக் கடைசியாக வீடியோவாக மாற்றும்போதெல்லாம் கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்துவிடுகிறது. மூன்று நாளாக அதே இடத்தில் அணைகிறது. அடுத்த நாள் காலேஜில் கொடுத்தாக வேண்டும். அந்தப் பெண்ணுக்குக் கண் சிவந்திருந்தது. நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாட்டி, கடையிலேயே உட்கார வைத்து ஓடவிட்டேன். ஒன்றரை மணி நேரம் ஓடி முடிந்தது. அவள் எழுந்து நின்று பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். நான் கேபினெட்டின் பக்கக் கதவை மூடினேன். அந்த மாடலில் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மேல் ஒரு மூடி வரும்; வெளியே தெரியாது. பாஸ்கர் குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இன்னா மேடம், இவ்ளோ நல்ல பொருளை வெளிய தெரியுற மாதிரி மாட்டக்கூடாதா?"

எடை போட்டுப் பார்த்தவர்

ஒரகடத்தில் வார்ப்பு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் குமரேசன் சார். ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு எஸ்எம்பிஎஸ் வாங்க அவர்தான் வருவார். வந்தால் லேபிள் பார்க்க மாட்டார், வாட்ஸ் கேட்க மாட்டார். இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று தூக்கிப் பார்ப்பார். எது கனமோ அது நல்லது. இதில் ஒரு நியாயமும் இருந்தது. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் டிரான்ஸ்பார்மர் பெரிதாக இருக்கும், சூட்டை இழுக்கும் அலுமினியத் தகடு தடிமனாக இருக்கும். அதனால் கனம் கூடும். அவர் கை பெரும்பாலும் ஏமாந்ததில்லை.

ஒரு தடவை எங்களிடம் சரக்கு இல்லாததால், வேறெங்கோ வாங்கிய ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டே வாரத்தில் போய்விட்டதாம். "நம்ப முடியலை மேடம், செங்கல் கனம் இருந்திச்சு" என்றார். நான்கு ஸ்குரூவைக் கழற்றி மேல் தகட்டைத் தூக்கினேன். உள்ளே கட்டை விரல் அளவுக்கு ஒரு டிரான்ஸ்பார்மர். பாதி இடம் காலி. அடியில், பசை தடவி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்புத் துண்டு. எந்த வயரும் அதற்குப் போகவில்லை. எந்த வயரும் அதிலிருந்து வரவில்லை. சும்மா படுத்திருந்தது.

குமரேசன் சார் அதை நெம்பி எடுத்தார். நகத்தால் சுரண்டினார். முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு கவுண்டர் மேல் மெதுவாக வைத்தார்.

"அப்போ இத்தினி வருஷமா நான் எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பாஸ் போட்டேனா, இரும்புக்குப் பாஸ் போட்டேனா?"

பல்லி

வாரண்டியில் இருக்கும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டால், கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு அனுப்புவோம். அங்கே திறந்து பார்ப்பார்கள். செல்வி என்று ஒரு வாடிக்கையாளர். மறைமலை நகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அவருடையதை அனுப்பினோம். பத்து நாள் கழித்து ஒரு போட்டோவோடு திரும்பி வந்தது. போர்டின் நடுவில் ஒரு பல்லி, இரண்டு கால் ஒரு பக்கம், இரண்டு கால் இன்னொரு பக்கம், ஷாக் அடித்து அப்படியே காய்ந்திருந்தது. "பயனாளரால் ஏற்பட்ட சேதம். வாரண்டி பொருந்தாது" என்று எழுதியிருந்தார்கள்.

செல்வி போட்டோவை வாங்கிப் பார்த்தார். நான் சர்வீஸ் சென்டர் பக்கம் நின்று பேசவேண்டிய ஆள் என்பதால், பல்லி எல்லாம் பொருளைச் சரியாகப் பராமரிக்காததால் வருவது என்று ஆரம்பித்தேன். எனக்கே அது சரியாகப் படவில்லை. அவர் என்னைப் பேசி முடிக்க விட்டார். அப்புறம் எஸ்எம்பிஎஸ்ஸைத் திருப்பி, பின்பக்கம் காற்று போவதற்காக வைத்திருக்கும் ஓட்டைகளில் தன் சுண்டு விரலை விட்டுக் காட்டினார்.

"பல்லி போற அளவுக்கு இவ்ளோ பெரிய ஓட்டை போட்டது யாரு மேடம், நானா?"

ஆறு மணிக் கோளாறு

ஒரகடத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். வினோத் டயர் கம்பெனியில் வேலை. அவன் மனைவி காயத்ரி வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்து ஊர்க்காரர்களுக்கு ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பாள். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஸ்காலர்ஷிப். அவள் போன் செய்தாள். தினமும் சாயங்காலம் ஆறு மணி ஆனால் கம்ப்யூட்டர் அணைந்து அணைந்து எரிகிறது. பகலில் ஒன்றும் இல்லை. ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்குகிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதே சாயங்காலம்தான். பாதி ஃபாரம் அடிக்கும்போது அணைந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் போனபோது மானிட்டருக்கு மேல் ஒரு எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தன. காயத்ரியின் மாமியார் கட்டியது. யார் கண்ணாவது பட்டிருக்கும் என்பது அவர் கணிப்பு.

ஐந்தே முக்காலுக்குப் போய் உட்கார்ந்தேன். டீ கொடுத்தார்கள். ஆறு ஐந்துக்குப் பக்கத்து வீட்டில் இருந்து 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். ட்யூப் லைட் ஒரு தடவை மங்கியது. கம்ப்யூட்டர் அணைந்தது. வெளியே வந்து பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஏசுதாஸ், பகல் ஷிஃப்ட் முடிந்து வந்து, சொந்தமாக கேட் செய்து விற்கிறார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தார். ஒரே லைனில் இரண்டு வீடும். அவர் ராடை வைக்கும்போதெல்லாம் வோல்டேஜ் படுத்துவிடுகிறது. விஷயத்தைச் சொன்னதும் அவர் பதறிப்போய், "ஐயோ, என்னாலயா? நீ ஃபாரம் அடிம்மா, நான் அப்புறம் பண்ணிக்கிறேன்" என்று மெஷினை அணைத்துவிட்டார். ஆனால் எத்தனை நாளுக்கு அப்படி இருக்க முடியும்?

மலிவான எஸ்எம்பிஎஸ் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே கையை விரித்துவிடும். வோல்டேஜ் நன்றாகக் குறைந்தாலும் சமாளிக்கிற வகை ஒன்று இருக்கிறது. அடுத்த நாள் அதைக் கொண்டுபோய் மாட்டினேன். எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த்தும் போட்டோம். ஆறு மணிக்கு ஏசுதாஸையே கூப்பிட்டு வெல்டிங் அடிக்கச் சொன்னேன். ட்யூப் லைட் மங்கியது. கம்ப்யூட்டர் அசையவில்லை. காயத்ரி கை தட்டினாள். சரி, இனி இது வேண்டாமே என்று நான் எலுமிச்சம்பழத்தின் நூலை அவிழ்க்கப் போனேன். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பழமும் இருக்கட்டும், உன் பொட்டியும் இருக்கட்டும். எதுனால ஓடுதுன்னு யாரு கண்டா?"

மூணு ஷிஃப்ட்

இருங்காட்டுக்கோட்டையில் ஒரே அறையில் தென்காசிப் பக்கத்துப் பையன்கள் ஆறு பேர். எல்லோரும் கான்ட்ராக்டில் கம்பெனி வேலை. ஆறு பேரும் சேர்ந்து கேம் விளையாட ஒரே ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். ஏ ஷிஃப்ட் போனவன் வந்து உட்காருவான், பி ஷிஃப்ட் போகிறவன் எழுந்து போவான், சி ஷிஃப்ட் முடித்தவன் குளிக்காமல் வந்து உட்காருவான். வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் அணைத்ததே இல்லை. பிறகு எங்கேயோ ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கி, அதற்கு வேண்டிய வயர் எஸ்எம்பிஎஸ்ஸில் இல்லாததால், ஒரு கன்வெர்ட்டர் வயர் போட்டு அவர்களே மாட்டியிருக்கிறார்கள். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் புகை.

ஆறு பேரில் நான்கு பேர் கடைக்கு வந்திருந்தார்கள். யார் ஷிஃப்டில் புகைந்தது என்பதுதான் பஞ்சாயத்து. "ஏல, நீதானல இருந்த" என்று ஒருவன். "நான் உக்காரும்போதே நாத்தம் வந்துட்டுல்லா" என்று இன்னொருவன். நான் வயரைக் காட்டினேன். ஒரு ஹார்ட் டிஸ்க்குக்குப் போகவேண்டிய மெல்லிசு வயரில் கிராபிக்ஸ் கார்டைத் தொங்கவிட்டால், யார் உட்கார்ந்தாலும் அது உருகத்தான் செய்யும். கன்வெர்ட்டர் போட்டுத்தான் மாட்ட முடியும் என்றால், அந்த எஸ்எம்பிஎஸ் அந்தக் கார்டுக்கு ஆனது இல்லை என்று அர்த்தம். வேறு எதுவும் போகவில்லை, எஸ்எம்பிஎஸ்தான் போயிருக்கிறது, அதிர்ஷ்டம் என்றேன். பஞ்சாயத்து அடங்கியது.

புதியதை மாட்டிக் கொடுக்கும்போது, "தினமும் கொஞ்ச நேரமாவது அணைத்து வையுங்கள்" என்றேன். அவர்களில் எலும்பும் தோலுமாக இருந்த ஒருவன், அதுவரை வாயே திறக்காதவன், கேபினெட்டைத் தோளில் தூக்கிக்கொண்டே சொன்னான்:

"எங்களுக்காவது வாரத்துல ஒரு நாள் லீவு உண்டுக்கா, இதுக்கு அதுவும் இல்லல்லா!"

பதிவேடு

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். சொல்லிவிடுகிறேன்.

சகாயராஜ் சார் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஊர்க் கோயிலில் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் செல்லரித்துக்கொண்டிருந்தன. தாளைத் திருப்பினாலே உதிர்ந்தது. யாரோ கொடுத்த பழைய கம்ப்யூட்டரில் அவற்றையெல்லாம் டைப் அடித்து வைக்கிறேன் என்று பங்குச் சாமியாரிடம் ஏற்றுக்கொண்டிருந்தார். ஆரம்பிக்கும் நேரத்தில் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. கடைக்கு வந்து, "நல்லதா ஒண்ணு குடும்மா" என்றார். நல்லது அன்று ஸ்டாக் இல்லை. புதன்கிழமை வரும். ஆனால் அவர் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். ஷெல்ஃபில் மலிவானது ஒன்று கிடந்தது. டைப் அடிக்கத்தானே, இவருக்கு இது போதும் என்று நினைத்தேன். அதை மாட்டிக் கொடுத்தேன். தெரியாமல் செய்யவில்லை.

மூன்று மாதம் கழித்து, கேபினெட்டை ஒரு துண்டில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். துண்டைப் பிரித்ததுமே கருகிய வாடை. மலிவான எஸ்எம்பிஎஸ் போகும்போது சில சமயம் தனியாகப் போகாது. வோல்டேஜை ஏற்றிவிட்டு மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். மதர்போர்டு போயிருந்தது. ஹார்ட் டிஸ்க்கும் போயிருந்தது. "பென் டிரைவ்ல போட்டு வச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டேன். "அது எதுக்கும்மா, கம்ப்யூட்டர்லயேதான் இருக்குதே" என்றார். ஹார்ட் டிஸ்க்கை சென்னைக்கு அனுப்பினோம். இரண்டு வாரத்தில் அப்படியே திரும்பி வந்தது. ஒன்றும் எடுக்க முடியவில்லை.

அவரை உட்கார வைத்துச் சொன்னேன். "சார், உங்க மேல தப்பு இல்லை. நான் குடுத்த எஸ்எம்பிஎஸ் சரியில்லை. புதன்கிழமை வரைக்கும் உங்களைக் காத்திருக்கச் சொல்லியிருக்கணும்." அவர் தண்ணீர் கேட்டார். பாட்டிலை வாங்கிப் பாதி குடித்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இன்னொரு வாட்டி அடிக்கணும், அவ்ளோதானே?" என்றார். தயாளன் சார் உள்ளே இருந்து வந்து ஷெல்ஃபில் இருந்ததிலேயே நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். பழைய மதர்போர்டு ஒன்றும் ஹார்ட் டிஸ்க் ஒன்றும் எங்களிடம் இருந்தன. எல்லாவற்றையும் மாட்டி, இரண்டு பென் டிரைவும் கொடுத்து, தினம் வேலை முடிந்ததும் இரண்டிலும் எப்படிக் காப்பி போடுவது என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் அதை ஒரு தாளில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதிக்கொண்டார்.

அதற்கப்புறம் பல மாதம் அவர் வரவில்லை. போன் செய்யலாமா என்று நினைப்பேன், செய்ய மாட்டேன். ஒரு நாள் பிரின்ட் எடுத்து பைண்டிங் போட்ட தடிமனான புத்தகத்தோடு கடைக்குள் வந்தார். எல்லாம் முடிந்துவிட்டது, சாமியாரிடம் கொடுக்கப் போகிறேன், போகிற வழியில் உனக்குக் காட்டலாம் என்று வந்தேன் என்றார். நான் பக்கங்களைத் திருப்பினேன். மறுபடியும் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவர் ஒரு பக்கத்தை எடுத்து ஒரு வரியில் விரலை வைத்தார். அவருடைய பெயர், அப்பா பெயர், அம்மா பெயர்.

"ரெண்டாவது வாட்டி அடிக்கும்போதுதாம்மா கவனிச்சேன், மொத வாட்டி என் பேரையே விட்டுட்டிருந்தேன்."

டெஸ்டிங் லைன் கோகிலா

கோகிலா செல்போன் சார்ஜர் செய்யும் கம்பெனியில் டெஸ்டிங் லைனில் இருக்கிறாள். ஹாஸ்டல் அறையில் வைக்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். வேலையோடு சேர்த்து டிப்ளமோ படிக்கிறாள். எல்லோரும் ராம் எவ்வளவு என்று ஆரம்பிப்பார்கள். இவள் நேராக எஸ்எம்பிஎஸ் ஷெல்ஃபுக்குப் போய், ஒரு பெட்டியை எடுத்து, "அக்கா, ஃபுல் லோடுல இதுல ரிப்பிள் எவ்ளோ வருது?" என்றாள். ரிப்பிள் என்பது, எஸ்எம்பிஎஸ் கொடுக்கும் நேர் கரண்டில் மிச்சமிருக்கும் நடுக்கம். அது என்ன என்று எனக்குத் தெரியும். இதில் எவ்வளவு என்று தெரியாது. பன்னிரண்டு வருடத்தில் யாரும் கேட்டதில்லை. தயாளன் சாரைப் பார்த்தேன். அவர் அவசரமாக ஒரு போன் பேச ஆரம்பித்தார்.

அப்புறம் உள்ளே கெபாசிட்டர் எத்தனை டிகிரி தாங்கும் என்று கேட்டாள். ஷார்ட் ஆனால் தானாக அணையுமா என்று கேட்டாள். நான் இணையத்தில் தேடித் தேடிச் சொன்னேன். சிலதுக்குப் பதில் கிடைத்தது, சிலதுக்குக் கிடைக்கவில்லை. பெரிய வாட்ஸ் ஒன்றைக் காட்டினேன். "என் கம்ப்யூட்டருக்கு எதுக்குக்கா இவ்ளோ? இதுல பாதி போதும், ஆனா அந்தப் பாதி நெசமா இருக்கணும்" என்றாள். கடைசியாக இரண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெட்டியைத் திறந்து, லோடு போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். சீலை உடைத்தால் வாரண்டி போய்விடும், முடியாது என்றேன். அவள் எனக்காக வருத்தப்படுகிறவள் மாதிரி சிரித்தாள்.

"நாள் பூரா எவனோ யூஸ் பண்ணப்போற சார்ஜரை டெஸ்ட் பண்ணிக்கினு கீறேன். எனக்குன்னு வாங்குறப்ப ஒண்ணைக்கூட டெஸ்ட் பண்ண விடமாட்டேன்றீங்களேக்கா!"

வெள்ளை வயர்

ஒரகடத்தில் சம்பத் என்பவர் சின்னதாக ஒரு யூனிட் வைத்திருக்கிறார். கார் பிரேக்குக்குப் போகும் ரப்பர் குழாய் செய்கிறார்கள். பதினெட்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். ஒவ்வொரு குழாயும் கசிகிறதா என்று டெஸ்ட் செய்துதான் லாரியில் ஏற வேண்டும். அந்த டெஸ்ட் மெஷினை ஓட்டுவது ஒரு பழைய கம்ப்யூட்டர். அதன் வயது தெரியாது. ஒரு நாள் காலை பத்து மணிக்கு சம்பத்திடமிருந்து போன். எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. ஒரு மணிக்கு லாரி கிளம்ப வேண்டும். போன மாதம் ஒரு தடவை தாமதமாகி கார் கம்பெனியில் லைன் நின்றிருக்கிறது. இன்னொரு தடவை நின்றால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

நான் புது எஸ்எம்பிஎஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். மாட்டினேன். கம்ப்யூட்டர் ஓடியது. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் டெஸ்ட் மெஷின் எந்தக் குழாயை வைத்தாலும் பூஜ்யம் காட்டியது. சூப்பர்வைசர் லட்சுமி வேண்டுமென்றே ஓட்டை போட்ட குழாயை வைத்துப் பார்த்தாள். அதற்கும் பூஜ்யம். மணி பதினொன்று. பெண்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு என்னைச் சுற்றி நின்றார்கள். பழைய எஸ்எம்பிஎஸ்ஸையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வயர் வயராகப் பார்த்தேன். பழையதில் ஒரு வெள்ளை வயர் இருந்தது. மைனஸ் ஐந்து வோல்ட். அந்தக் காலத்துக் கார்டுகளுக்கு அது தேவை. இப்போது வரும் எதிலும் அந்த வயர் கிடையாது. டெஸ்ட் மெஷினை இயக்கும் கார்டு அதை நம்பித்தான் இருந்தது.

கடைக்குப் போன் செய்தேன். எங்கள் பரணில் பழைய எஸ்எம்பிஎஸ் மூட்டை ஒன்று இருந்ததே என்று கேட்டேன். தயாளன் சார் முந்தின நாள்தான் அதைப் பழைய இரும்புக் கடையில் போட்டிருக்கிறார். கடையை அப்படியே மூடிவிட்டு, அந்த இரும்புக் கடைக்கு ஓடி, குவியலில் உட்கார்ந்து வெள்ளை வயர் தேடியிருக்கிறார். பன்னிரண்டு மணிக்கு மூன்று எஸ்எம்பிஎஸ்ஸை ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு பைக்கில் வந்து இறங்கினார். சட்டை முழுக்கத் துரு. முதலாவது உயிரே இல்லை. இரண்டாவதை மாட்டியதும் 'டப்' என்றது. மூன்றாவது ஓடியது, ஆனால் அதன் ஃபேன் சுற்றவில்லை. யாரும் கேட்காமலே லட்சுமி ஆபீஸ் டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து அதற்கு முன்னால் வைத்தாள். ஓட்டை போட்ட குழாயை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. நல்ல குழாயை வைத்தாள். பச்சை. அதற்கப்புறம் வைக்கிற சத்தம், எடுக்கிற சத்தம், அடுத்தது.

லாரி ஒன்று இருபதுக்குக் கிளம்பியது. சம்பத் கார் கம்பெனிக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். சரக்கு வந்து சேர்ந்தது, லைன் ஓடுகிறது என்று இரண்டேகாலுக்கு அங்கிருந்து சொன்னார்கள். அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். நான், இந்த எஸ்எம்பிஎஸ் அதிக நாள் தாங்காது, வேறு ஏற்பாடு செய்ய வேண்டும், அந்தக் கார்டுக்கு மாற்று தேட வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். லட்சுமி டேபிள் ஃபேனைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பி, முகத்துக்கு ஒரு நிமிடம் காற்று வாங்கிவிட்டு, திரும்ப எஸ்எம்பிஎஸ் பக்கமே வைத்தாள்.

"லைன் நிக்கலை மேடம், அது போதும். மீதிக்கெல்லாம் திங்கட்கிழமை ஷிஃப்ட்ல வந்து அழுதுக்கலாம்."

எத்தனை வாட்ஸ் வேண்டும் என்பதை ஐந்து நிமிடத்தில் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். அதைக் காதில் வாங்கிக்கொள்ள மட்டும் மனிதருக்கு ஒரு எஸ்எம்பிஎஸ் புகைய வேண்டியிருக்கிறது, எனக்கு இரண்டு.